பதினெட்டு வயதுக்கு முன்பே: வாஷிங்டனில் ஒரு பெற்றோர் பயிலரங்கு

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை வளர்க்கும் கறுப்பினப் பெற்றோருக்காக வாஷிங்டன் நகரில் ஒரு பெற்றோர் மையம் நடத்தும் இலவச மாலைப் பயிலரங்கில், சிறப்புக் கல்வி ஆசிரியர் என்ற முறையில் கலந்துகொண்டேன். உயர்நிலைப் பள்ளிக்குப் பிறகு பிள்ளை எங்கே வாழும், எந்த வேலைக்குப் போகும் என்ற கவலையை இவ்வளவு பொறுப்புடன் அணுகும் சேவையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பொதுப் பள்ளிகள் வெளியே நிறுத்தக் கூடாது என்ற 1972ஆம் ஆண்டின் மில்ஸ் தீர்ப்பு, இதே நகரின் கறுப்பினக் குடும்பங்கள் போராடிப் பெற்றது என்பதிலிருந்தே பயிற்சி தொடங்குகிறது. பள்ளிக் கூட்டங்களில் தம் சொல் எடுபடாமல் போவதைக் கண்டு சலித்த தாய்மார்களுக்கு இது மிகவும் தேவையான தொடக்கம். கறுப்பின மாணவர்கள்மீது அறிவுசார் குறைபாடு, உணர்ச்சிக் கோளாறு ஆகிய முத்திரைகள் அளவுக்கு மீறிக் குத்தப்படுவதையும், அதனால் அவர்களுக்கான இலக்குகளே தாழ்ந்துவிடுவதையும் பயிற்றுநர் ஒளிக்காமல் பேசினார். கூட்டாட்சிச் சட்டப்படி பதினாறு வயதுக்குள், மாற்றுத்திறனாளி மாணவர் ஒவ்வொருவருக்கும் பள்ளி எழுத்தில் வகுக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தில் இடம்பெற வேண்டிய எதிர்காலத் திட்டப் பகுதியை வரிவரியாகப் படிக்கவைத்து, “வேலை தேடுவான்” என்பது போன்ற வெற்று வாசகம் இருந்தால், எந்தப் பயிற்சி, யார் தருவார், எப்போது என்று கேட்கக் கற்றுத்தந்தார். உயர்நிலைப் பள்ளியை முடித்ததற்கான முறையான பட்டயச் சான்றிதழைப் பெற்றுவிட்டால் சிறப்புக் கல்விக்கான உரிமை அத்துடன் முடிந்துவிடும் என்பது பலருக்கும் புதிய செய்தியாக இருந்தது.

பதினெட்டு வயதில் கல்வி தொடர்பான உரிமைகள் பெரும்பாலும் பிள்ளையின் கைக்கு வருவதால், நீதிமன்றம் சென்று பாதுகாவலர் ஆவதே ஒரே வழி என்று பெற்றோருக்குச் சொல்லப்படுவதுண்டு. இங்கோ, 2015இல் டெக்சாஸ் முதன்முதலில் சட்டமாக்கிய உறுதுணையுடன் முடிவெடுக்கும் முறையைத்தான், அதாவது நம்பிக்கையானவர்களின் உதவியோடு பிள்ளையே தன் முடிவுகளை எடுப்பதைத்தான், முதலில் விளக்குகிறார்கள். நீதிமன்றங்களிடம் நியாயம் கிடைக்காத அனுபவம் தலைமுறைகளாகத் தொடரும் ஒரு சமூகத்துக்கு இந்த வரிசை மிகச் சரியானது.

பணம் பற்றிய அமர்வுதான் ஏமாற்றம் தந்தது. வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்குக் கூட்டாட்சி அரசு தரும் எஸ்எஸ்ஐ உதவித்தொகைக்கான தகுதி பதினெட்டில் பெரியவர்களுக்கான விதிப்படி மீண்டும் ஆராயப்படும், பிள்ளையின் பெயரில் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு இருந்தால் அது நின்றுவிடும், ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கான ஏபிள் கணக்கில் 1,00,000 டாலர் வரை சேர்த்தாலும் பாதிப்பில்லை என்பவற்றை அவசரமாகச் சொல்லிக் கடந்தார்கள். பேரப் பிள்ளைக்கென்று பாட்டி சிறுகச் சிறுகச் சேர்க்கும் குடும்பங்களுக்கு இதைத்தான் விரிவாக விளக்கியிருக்க வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லாததும் ஒரு குறையே.

பிள்ளைக்குப் பதினான்கு வயதாகும்போதே செல்வது நல்லது. அண்மைக் கல்வித் திட்டத்தின் நகலையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.