உப்புவெளிக் காரும் இறம்பொடை இறக்கமும்: ஏழு வருட அனுபவம்

2018 ஆகஸ்டில் இந்தக் காரை வாங்கும்போது மீற்றரில் 41,000 கிலோமீற்றர் இருந்தது. நேற்றுப் பார்த்தேன், 158,000. நடுவில் ஓடியதில் பெரும்பங்கு ஒரே பாதைதான். வீடு திருகோணமலை உப்புவெளியில், வேலை நுவரெலியாவில். அங்கே ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் இறங்குவேன், ஞாயிறு காலை திரும்ப ஏறுவேன். ஒரு பக்கம் ஏறக்குறைய 255 கிலோமீற்றர்.

கார், ஜப்பானில் ஓடிப் பிறகு இங்கே வந்த 1500 சீசீ ஹைபிரிட், அதாவது பெற்றோல் எஞ்சினும் பட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார். கம்பனிப் பெயரை எழுதவில்லை. சொல்லப்போவது இந்த வகைக் கார் எல்லாவற்றுக்கும் பொருந்தும். எனக்கு வந்த கோளாறுகளில் பாதி நான் கவனிக்காமல் விட்டதால் வந்தவையும்கூட.

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வரை சொல்வதற்கு அதிகமில்லை. நேர்ப்பாதை, லீற்றருக்கு 23, 24 கிலோமீற்றர் தாராளமாகக் கிடைக்கிறது. மாத்தளை தாண்டி அக்குறணை, கட்டுகஸ்தோட்டை நெரிசலில் மற்றக் கார்கள் பெற்றோல் குடிக்கும், இது பட்டரியில் சத்தமில்லாமல் ஊர்ந்து போகும். பேராதனை, கம்பளை கடந்து புசல்லாவை ஏற்றம் தொடங்கும்போதுதான் காரின் உண்மையான பலம் தெரியவரும்.

ஏற்றத்தில் பட்டரி உதவி கொஞ்ச நேரம்தான். இறம்பொடைக்கு வருவதற்குள் பட்டரி அடிக்கு வந்துவிடும், அப்புறம் எஞ்சின் தனியாக இழுக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையை விட ஆறில் ஒரு பங்கு அளவு குறைவு, எஞ்சினின் இழுவையும் ஏறக்குறைய அதே அளவு குறையும். ஏறும்போது எனக்குக் கிடைப்பது லீற்றருக்கு 14. மிதித்தால் இரைச்சல் கூடுமே தவிர வேகம் கூடாது. அதனால் லொறியை முந்தும் எண்ணத்தையே புசல்லாவையில் விட்டுவிடுவேன். முன்னால் உர மூட்டையோடு ஒரு லொறி போனால், அதன் பின்னால் இடைவெளி விட்டு அப்படியே போவேன். 225 மீற்றர் நீளமான இறம்பொடைச் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து வெளியே வரும்போது காது அடைத்துத் திறக்கும். பின்சீட்டில் கிடக்கும் முறுக்குப் பக்கெற் பலூன் மாதிரி ஊதியிருக்கும். திரும்பி வரும்போது நேர்மாறு: நுவரெலியாவில் குடித்து இறுக்கி மூடிய தண்ணீர்ப் போத்தல் தம்புள்ளையில் நசுங்கிக் கிடக்கும்.

ஏறுவது காருக்குக் கஷ்டம், அவ்வளவுதான். இறங்குவதில்தான் உயிர் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர் நிறையப் பேர் ஏப்ரல் மாத சீசனுக்கு நுவரெலியா போகிறார்கள். நாங்கள் சமதரையில் ஓடிப் பழகிய ஆட்கள். இறக்கத்திலும் பிரேக்கில் கால் வைத்தபடியேதான் வருவோம், நானும் முதல் வருடம் அப்படித்தான் வந்தேன்.

ஹைபிரிட்டில் காலை எடுத்தாலே மோட்டார் சக்கரத்தை இழுத்துப் பிடித்துப் பட்டரியை நிரப்பும். சமதரையில் அது போதும். ஆனால் இந்தப் பட்டரி சின்னது. லபுக்கலைத் தேயிலைத் தோட்டங்களைத் தாண்டும் முன்பே திரையில் கோடுகள் எல்லாம் பச்சையாகி நிரம்பிவிடும். நிரம்பிய பட்டரி மேலும் வாங்காது. அந்த நிமிடம் கார் திடீரென்று லேசானது போல முன்னால் ஓடப் பார்க்கும். அப்போது முழுப் பாரமும் பிரேக்கில் விழும், முடக்குக்கு முடக்கு அது சூடாகும்.

அதற்காகத்தான் கியரில் 'டி'க்குப் பக்கத்தில் 'பி' (ஆங்கில B, நிறுத்திவைக்கும் P அல்ல) என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நான் அதை ரிவேர்ஸ் மாதிரி ஏதோ என்று நினைத்து ஒரு வருடம் தொடவே இல்லை. அதில் போட்டால் எஞ்சின் காரைப் பிடித்து இழுக்கும். முதல் தடவை எஞ்சின் போட்ட சத்தத்தில் பயந்துபோய் உடனே 'டி'க்கு மாற்றிவிட்டேன். பயப்படத் தேவையில்லை. சக்கரம்தான் அப்போது எஞ்சினைச் சுற்றுகிறது, பெற்றோல் எரியாது. இப்போது இறக்கம் தொடங்கும் இடத்திலேயே 'பி' போடுகிறேன். கம்பளை வரைக்கும் பிரேக்கை முடக்குக்கு முன்னால் ஒரு முறை நன்றாக அழுத்தி விடுவதோடு சரி. சாதாரண ஓட்டோ கியரில் 'எல்' அல்லது '2', கையால் மாற்றும் கியரில் ஏறிய அதே கியர். வீட்டில் யார் கார் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

2025 மே 11 அதிகாலை கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே பாதையில் அடிக்கடி போய்வரும் எனக்கு அந்தச் செய்தியைக் கேட்டபோது கை நடுங்கியது. அந்த இடத்தை இன்றும் மெல்லத்தான் கடக்கிறேன்.

எனக்கு நடந்தது 2021 கடைசியில். அந்த மாரியில் கார் நெடுநாள் வீட்டு முற்றத்திலேயே நின்றது. கடல் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி. வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னல் கம்பியைக் கையால் தடவினால் பிசுபிசு என்று உப்பு ஒட்டும். காரின் அடிப்பகுதிக்கும் அதே உப்புத்தான். மலைக்குப் போகுமுன் டவுனில் ஒரு கராஜில் காட்டினேன். "பிரேக் பேட் புதுசு மாதிரி இருக்கு, பயமில்லாமல் போங்க" என்றார்கள். போய், திரும்பி இறங்கும்போது இறம்பொடையில் ரப்பர் கருகுகிற மாதிரி மணம். ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. ஓரமாக நிறுத்தி இறங்கினேன். வளைவுக்கு வளைவு குறுக்குப் படியால் ஓடிவந்து பூ விற்கிற பொடியன் ஒருவன், கையில் பூங்கொத்தோடு நின்று, "அக்கா, அந்தப் பக்கத்துச் சக்கரம் புகையுது" என்று காட்டினான். ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு, ஊர்ந்து கம்பளை வந்து சேர்ந்தேன்.

அங்கே வயதான மெக்கானிக் ஒருவர் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பேட்டைத் தாங்கும் சட்டம் இரண்டு ஊசிகளில் முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். அதில் ஒரு ஊசி துருவேறி இறுகிப்போய், கையால் அசைக்கவே முடியவில்லை. பேட், சக்கரத்தோடு சுற்றும் தட்டை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. "டீச்சர், இந்தக் காரில் மோட்டாரே பாதிப் பிரேக் வேலையைச் செய்யுது. பேட் தேயாது. தேயாததுதான் இதுக்கு வருத்தமே. நீங்கள் கடற்கரையில வேற இருக்கிறீங்க" என்றார். பேட்டின் தடிப்பைப் பார்த்து நல்ல பிரேக் என்று சொல்வது இந்தக் காருக்குப் பொருந்தாது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாலு சக்கரத்தையும் கழற்றி, ஊசிகளைத் துடைத்து, அதற்கென்று உள்ள கிறீஸ் போடுவிக்கிறேன். வாடை மாதங்களில் கிழமைக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரால் அடிப்பகுதிக்குப் பைப் பிடிக்கிறேன். பிரேக் ஒயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். டொட் 3 வகைக்குப் புதிதில் குறைந்தது 205 பாகையில் கொதிக்க வேண்டும் என்பது கணக்கு. ஈரம் ஏறியபின் அந்தக் கணக்கு 140. ஒயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமிழும், கார் நிற்காது.

மற்றக் கோளாறு 132,000இல் வந்தது. ஹைபிரிட் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, பட்டரி முடிந்தது என்று நினைத்து இரவெல்லாம் தூக்கமில்லை. பார்த்தால், பின்சீட்டுக்குக் கீழே பட்டரிக்குக் குளிர்காற்று இழுக்கிற ஒரு துவாரம் இருக்கிறது. நுவரெலியாவில் என்னோடு வேலை செய்யும் டீச்சர்மாருக்கு நான் கொண்டுபோகும் கருவாட்டுப் பெட்டியை எப்போதும் அதை அடைத்துத்தான் வைத்திருக்கிறேன். வடிகட்டியைக் கழற்றினால் தூசும் நூலும் சேர்ந்து கம்பளித் துணி மாதிரி தடிப்பாக ஒரு படை. சுத்தம் செய்ததும் விளக்கு அணைந்தது, இன்றுவரை எரியவில்லை. பட்டரி பழையதேதான்.

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். எனக்குப் போய்வர 26 வேண்டும். ஒரு கிழமைப் பங்கைத் தொடாமல் வைத்துத்தான் ஓடினேன். சாதாரணக் காராக இருந்திருந்தால் அந்த வருடம் அம்மாவைப் பார்த்தே இருக்க மாட்டேன்.

பயண நேரத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை இறங்கினால் ஹபரணை வரும்போது இருட்டிவிடும். அங்கிருந்து கந்தளாய் வரை யானை கடக்கும் பாதை. கருமையான பாதையில் கருமையான யானை, லைற்றில் பக்கத்தில் வந்தபின்தான் தெரியும். அதனால் மழை நாளென்றால் கண்டியில் சிநேகிதி வீட்டில் தங்கி விடியத்தான் வருகிறேன். லபுக்கலைப் பனிமூட்டத்தில் பெரிய லைற் போட வேண்டாம், வெள்ளைச் சுவர் மாதிரி திருப்பி அடிக்கும். தாழ்த்திய லைற் (டிம்), உள்ளே ஏசி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தால் எதிரே வரும் பஸ் ஹோர்ன் கேட்கும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். பாரத்தோடு நின்ற லொறி மறுபடி கிளம்பப் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது மேலே மண்சரிவு, கீழே மூதூர்ப் பக்கம் மகாவலி வெள்ளம். இறம்பொடையில் பாதையோரம் விழுகிற தண்ணீர்தான் கொத்மலை வழியாக மகாவலியில் சேர்ந்து எங்கள் கொட்டியாரக் குடாவுக்கு வருகிறது. எனக்கு முன்பே அது வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு புறப்படுமுன் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் சாவியை எடுப்பதில்லை.

வாகன இறக்குமதி 2020இல் நின்று 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இப்போது மாற்றலாமே என்று கேட்கிறார்கள். மாற்றப்போவதில்லை. இந்தத் தவணை விடுமுறையில் பிரேக் ஒயில் மாற்றும் முறை வருகிறது, கம்பளை மெக்கானிக்கிடம் நாள் கேட்டிருக்கிறேன். பின்சீட்டுத் துவாரத்துக்கு முன்னால் பெட்டி போகாதபடி தம்பி ஒரு மரச்சட்டம் அடித்துத் தந்திருக்கிறான். கருவாடு இப்போது டிக்கியில்.