பிளஸ் டூ முடித்த மகளுக்கு என்.வி.டி.ஏ.

கடைசித் தேர்வு முடிந்ததும் பள்ளி கொடுத்திருந்த மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். என் மகளுக்குப் பார்வை இல்லை. இரண்டு ஆண்டுகள் அதில்தான் படித்தாள். கல்லூரி திறக்கும்வரை காத்திருக்க மனம் வரவில்லை. வீட்டுக் கணினியில், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் மென்பொருளை நிறுவினேன். 2006இல் ஆஸ்திரேலியாவில், பார்வையற்றவரான மைக்கேல் கரன் தொடங்கியது, இன்றும் இலவசம். பென்டிரைவில் எடுத்துச் சென்றால், அனுமதிக்கும் நூலகத்து விண்டோஸ் கணினியில் நிறுவாமலேயே இயங்கும். இதற்காகவே எவ்வளவு பாராட்டினாலும் தகும்!

கூடவே வரும் தமிழ்க் குரல் இயந்திரத்தனமானது. முதல் வாரம் முகம் சுளித்தவள், இப்போது எனக்குப் பிடிபடாத வேகத்தில் கேட்கிறாள். ஒரே சிக்கல், யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறை) அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பாடக்குறிப்புகள். அவற்றை ஆங்கில எழுத்துகளாக உளறுகிறது. சேரும்போதே துறைத்தலைவரிடம் யூனிகோட் கோப்புகளைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.