குறைக்கடத்திக் குறைபாடுகளுக்கு எந்தக் கருவி: இ.பி.ஆர்., ஈ.டி.எம்.ஆர்., ஓ.டி.எம்.ஆர்.

இணை சேராத எலக்ட்ரானைக் கொண்ட குறைபாட்டின் அணு அமைப்பை அறியக் காந்த ஒத்ததிர்வுக்கு, அதாவது காந்தப் புலத்தில் வைத்த எலக்ட்ரானின் ஸ்பின் (அதன் சிறு காந்தத் தன்மை) குறிப்பிட்ட அதிர்வெண்ணில் புரள்வதற்கு, நிகரான வழி குறைவு. ஆனால் அதை நுண்ணலையில் காண்பதா (இ.பி.ஆர்., எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு), மின்னோட்டத்தில் காண்பதா (ஈ.டி.எம்.ஆர்., மின்வழி அறியும் காந்த ஒத்ததிர்வு), ஒளியில் காண்பதா (ஓ.டி.எம்.ஆர்., ஒளிவழி அறியும் காந்த ஒத்ததிர்வு) என்பதைப் பொறுத்து வாங்கவேண்டிய கருவியே மாறிவிடுகிறது. சிலிக்கானும் அதன் ஆக்சைடும் சந்திக்கும் இடைமுகத்தில் உள்ள பி.பி. மையத்தை (ஒரு பிணைப்பு நிறைவுறாமல் நிற்கும் சிலிக்கான் அணுவை) வைத்தே இதைப் பார்க்கலாம்.

1944இல் கசானில் சவோய்ஸ்கி கண்டறிந்த விளைவே இ.பி.ஆர். கருவியின் அடிப்படை. எக்ஸ் பட்டைக் கருவியில் மாதிரி, ஏறத்தாழ 9.5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலைக் குழிவுக்குள், 0.34 டெஸ்லா புலத்தில் வைக்கப்படுகிறது. பி.பி. மையத்தின் ஜி-காரணி (ஒத்ததிர்வு எந்தப் புலத்தில் நிகழும் என்பதைத் தீர்மானிக்கும் எண்), புலம் படிகத்தின் 111 திசையில் இருக்கையில் 2.0014 ஆகவும், அதற்குச் செங்குத்தாக இருக்கையில் 2.0081 ஆகவும் அமைவதால், மாதிரியைச் சுழற்றும்போது ஒத்ததிர்வுக் கோடு ஏறத்தாழ ஒரு மில்லிடெஸ்லா நகர்கிறது; இந்த நகர்வே அதன் கைரேகை. தரமாதிரியோடு ஒப்பிட்டு எண்ணிக்கையையும் பெறலாம் என்பது இதன் பெரும்பலம்.

பலவீனம் உணர்திறனில் இருக்கிறது. அறைவெப்பநிலையில் மேல், கீழ் ஆற்றல் நிலைகளுக்கிடையிலான எண்ணிக்கை வேறுபாடு பத்தாயிரத்துக்கு ஏழெட்டுதான் என்பதால், குறுகிய கோட்டுக்கே ஏறத்தாழ ஆயிரம் கோடி ஸ்பின்கள் தேவைப்படுகின்றன. சதுர சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் கோடி குறைபாடுகள் கொண்ட இடைமுகத்தில், 100 மைக்ரான் அகலமும் ஒரு மைக்ரான் நீளமும் உள்ள டிரான்சிஸ்டர் வாய்க்காலுக்கடியில் இருப்பவை வெறும் ஒரு லட்சம். ஆகவே வேஃபரை (சிலிக்கான் தகட்டை) மெல்லிய துண்டுகளாக வெட்டி, அடுக்கிக் குழாயில் இடுகிறார்கள். அதுவும் மின்தடை மிகுந்த சிலிக்கானாக இருக்க வேண்டும், இல்லையேல் குழிவின் தரக்காரணி, அதாவது நுண்ணலையைத் தக்கவைக்கும் திறன், சரிந்துவிடும். உலோகத் தொடுமுனைகள் உள்ள முழுச் சாதனத்துக்கு இது பொருந்தாது.

ஈ.டி.எம்.ஆர். அந்த ஒரு லட்சத்தையே குறிவைக்கிறது. ஒத்ததிர்வு ஸ்பினைப் புரட்டும்போது, குறைபாட்டின் வழியே எலக்ட்ரானும் துளையும் சேர்ந்து மறையும் மறுசேர்க்கையின் வேகம் மாறி, மின்னோட்டம் சிறிதளவு மாறுகிறது. 1972இல் லெபீன் சிலிக்கானில் கண்ட மாற்றம், வெப்பச் சமநிலை முனைவாக்கத்தால் (மேலே சொன்ன எண்ணிக்கை வேறுபாட்டால்) விளக்க முடியாத அளவு பெரிதாக இருந்தது. 1978இல் காப்லான், சாலமன், மாட் மூவரும் ஸ்பின் இணைகளைக் கொண்டு அதை விளக்கினர். இதன் நடைமுறைப் பலன் பெரிது: குறிகை புலத்தை அதிகம் சாராததால், 10 மில்லிடெஸ்லாவும் 280 மெகாஹெர்ட்ஸும் போதும், கனமான மின்காந்தத்துக்குப் பதில் சிறு சுருள்கள், ஓர் அலையாக்கி, மின்னோட்ட முன்பெருக்கி, லாக்-இன் பெருக்கி (இரைச்சலில் புதைந்த குறிகையைப் பிரித்தெடுப்பது) ஆகியவற்றோடு மேசை அமைந்துவிடும். குறைந்த புலத்தில் ஜி-காரணி வேறுபாடுகள் சுருங்கிக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. இணைப்புக் கம்பிகள் சிறு வளையமாக நின்றால்கூடப் புலத்தைச் சற்றே ஏற்றியிறக்கும் பண்பேற்றச் சுருளின் புலம் அதில் மின்னழுத்தத்தைத் தூண்டி அடிக்கோட்டைச் சாய்த்துவிடும். கம்பிகளை முறுக்கிக் கட்டும் பொறுமை இல்லாதவர் இந்த மேசையின் பக்கம் வராதிருப்பதே மேல். எண்ணிக்கையும் இதில் நேரடியாகக் கிடைக்காது.

ஓ.டி.எம்.ஆர்., ஒளிரும் குறைபாடுகளுக்கானது. வைரத்தின் நைட்ரஜன்-வெற்றிட மையத்தைப் பச்சை லேசரால் தூண்டி, 2.87 கிகாஹெர்ட்ஸில் சிவப்பு ஒளி மங்குவதைப் பார்த்தால் போதும். ஒற்றை மையத்தையே 1997இல் இப்படிக் கண்டார்கள். ஒளிராத பி.பி. மையத்துக்கு இது உதவாது.

எனவே டிரான்சிஸ்டர்களை ஆராயும் ஆய்வகம் ஈ.டி.எம்.ஆர். மேசையையே முதலில் அமைக்கலாம் என்பது என் கருத்து. குறைபாடு எத்தனை என்ற கேள்வி எழும்போது, அதே ஆக்சைடு வளர்த்த வெற்று வேஃபர் துண்டுகளை வேறோர் ஆய்வகத்தின் இ.பி.ஆர். கருவியில் அளந்துகொள்ளலாம், அதற்காகச் சில துண்டுகளைத் தொடுமுனை படியவைப்பதற்கு முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும்.