பழைய ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் கண்ட்ரோலைச் சுத்தம் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

என் தந்தை 1970களின் இறுதியில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சான்சுய் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயரை, பழைய ஆடியோ கருவிகளைப் பழுதுபார்ப்பதாக விளம்பரம் செய்துவரும் சென்னைக் கடை ஒன்றில் வால்யூம் கண்ட்ரோலைச் சுத்தம் செய்வதற்காகக் கொடுத்தேன். சுத்தம் செய்தால் போதும் என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தேன். அவர்களோ என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் கண்ட்ரோலையே கழற்றி எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தி, ‘ஒரிஜினல் ஜப்பான் கண்ட்ரோல்’ என்று பில்லில் எழுதி 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். உள்ளே இருந்தது மலிவுச் சரக்கு. இன்னொருவர் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காக நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வருவதும், சில இடங்களில் இடது ஸ்பீக்கர் அடங்கிப்போவதும்தான் ஆரம்பத்தில் இருந்த குறை. குமிழை இப்படியும் அப்படியும் பலமுறை முழுதாகத் திருப்பினால் சில நாட்களுக்குக் கரகரப்பு மறைந்துவிடும். இவ்வாறு மறைந்து மறைந்து வந்தால், உள்ளே இருக்கும் கார்பன் தடத்திலும் அதன்மேல் வழுக்கிச் செல்லும் உலோக நாக்கிலும் அழுக்கோ களிம்போ படிந்திருக்கிறது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். தடம் தேய்ந்துபோயிருந்தால் எத்தனை முறை திருப்பினாலும் அதே இடத்தில் ஒலி அறுந்துகொண்டே இருக்கும். வேறொரு காரணமும் உண்டு. கண்ட்ரோலுக்கு முன்னால், ஒலி சிக்னலை மட்டும் விட்டு டிசி (நேர்) மின்னழுத்தத்தைத் தடுக்கும் கப்ளிங் கெப்பாசிட்டர் இருக்கும். அது பழையதாகி டிசியைக் கசியவிட்டால், புத்தம் புதிய கண்ட்ரோலும் கரகரக்கும். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எவரும் இதைச் சில நிமிடங்களில் அளந்துவிடலாம். அளந்தீர்களா என்று கடையில் கேட்டேன், பதில் வரவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து பாட்டுப் போட்டதுமே கோளாறு தெரிந்தது. முன்பெல்லாம் குமிழ் பாதி தூரம் போனால்தான் கூடம் நிறையும். இப்போது கால்வாசி திருப்புவதற்குள் காதைப் பிளந்தது, அதற்கு மேல் எவ்வளவு திருப்பினாலும் பெரிய மாற்றம் இல்லை. குறைந்த ஒலியில் தாழ்ந்த சுரங்களைத் தூக்கிக் கொடுக்கும் லவுட்னஸ் சுவிட்சைப் போட்டாலும் எடுத்தாலும் ஒலியில் எந்த வித்தியாசமும் இல்லை. மின் இணைப்பைத் துண்டித்து, கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும் மின்சாரம் வடியும்வரை காத்திருந்து மூடியைக் கழற்றிப் பார்த்தேன். புதிய கண்ட்ரோலின் முதுகில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தது. ஜப்பானிய வழக்கில் ‘ஏ’ என்பது ஒலி அளவுக்கு உரிய, முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறும் லாக் வகை, ‘பி’ என்பது ஒரே சீராக ஏறும் லீனியர் வகை. லாக் வகையில் பாதித் திருப்பத்தில் 10 முதல் 20 சதவீத சிக்னல்தான் வெளியே போகும். லீனியர் வகையில் அது 50 சதவீதம். காதைப் பிளந்ததற்குக் காரணம் இதுதான்.

அதைவிட மோசமான ஒன்றையும் கண்டேன். பழைய கண்ட்ரோலில் இடது, வலது ஸ்பீக்கர்களுக்கென இரண்டு வரிசைகள், வரிசைக்கு ஒயர் இணைக்கும் நான்கு கால்கள் உண்டு. நான்காவது கால் லவுட்னஸ் சுற்றுக்குப் போவது. குறைந்த ஒலியில் கேட்கும்போது தாழ்ந்த சுரங்கள் காதுக்கு மங்கிவிடும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இல் அளந்து காட்டினார்கள். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் இந்தச் சுற்று. கடைக்காரர்கள் வைத்ததில் வரிசைக்கு மூன்றே கால்கள். மிஞ்சிய இரண்டு ஒயர்களையும் வெட்டி, நுனியில் டேப்பைக்கூடச் சுற்றாமல் தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்று உலோகச் சட்டமான சேசிஸைத் தொடும் தூரத்தில் இருந்தது.

பாஸ், டிரெபிள், பேலன்ஸ் கண்ட்ரோல்களை மாற்றவில்லை, ஆனால் கதவுக் கீலுக்கும் துருப்பிடித்த போல்ட்டுக்கும் அடிக்கும் பொது ஸ்பிரேயை அவற்றில் வழிய வழிய அடித்திருந்தார்கள். அந்த எண்ணெய் போர்டு முழுவதும் பரவி, தூசியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. குமிழ் மாட்டியிருக்கும் தண்டைச் சுற்றித் தயாரிப்பாளர் வைத்திருந்த கெட்டியான கிரீஸும் அதில் கரைந்து போய்விட்டதால், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் நிதானமாகத் திரும்பிய குமிழ்கள் இப்போது விரல் பட்டாலே ஓடுகின்றன. பழைய கருவியைக் கையாளும் சுகமே அந்த நிதானத்தில்தான் இருந்தது. அதை இழந்தது எனக்கு மிகவும் வலிக்கிறது.

முறையான வேலை இவ்வளவு கடினமானதே அல்ல. செலக்டர் சுவிட்ச் போன்ற உலோகத் தொடுப்புகளுக்கு டிஆக்ஸிட் டி5 போன்ற கிளீனரும், கார்பன் தடத்துக்கு மசகும் சேர்ந்த எஃப்5 வகையும் தனித்தனியே கிடைக்கின்றன. கால்களுக்கு அருகில் உள்ள சிறு திறப்பின் வழியே மெல்லிய குழாயால் ஓரிரு நொடி மட்டும் அடித்து, இருபது முப்பது முறை முழுதாகத் திருப்பி, நன்றாகக் காயவிட்டால் போதும். தண்டு தளர்ந்திருந்தால் திருப்புவதை நிதானமாக்கும் கெட்டியான டாம்பிங் கிரீஸைத் துளியளவு தண்டுக்கு மட்டும் வைக்க வேண்டும். தடத்தில் படக் கூடாது. எந்தத் திரவத்தை அடிக்கப்போகிறீர்கள் என்ற கேள்விக்குப் பெயர் சொல்லத் தயங்கும் கடையில் கருவியை விட்டுவிட்டு வராதீர்கள். எதை மாற்றினாலும் முன்கூட்டியே கேட்க வேண்டும், கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

பழைய கண்ட்ரோலைக் கேட்டதற்கு, குப்பையில் போட்டாகிவிட்டது என்றார்கள். கொடுப்பதற்கு முன் மூடியைக் கழற்றி நான் எடுத்திருந்த படத்தில் நான்கு கால்களும் தெளிவாகத் தெரிகின்றன. அந்தப் படத்தையும் பில்லையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் இல்லை. நான்கு கால் கண்ட்ரோல் இன்று கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை என்பதால், கழற்றிய பாகத்தைத் தேடித் தர வேண்டும் என்பதைத்தான் புகாரில் முதல் கோரிக்கையாக வைத்திருக்கிறேன். 4,800 ரூபாய் அதற்கு அடுத்ததுதான்.