8×42 பைனாக்குலர்: ஒன்றரை வருடம் கழுத்தில் மாட்டித் திரிந்த பிறகு

சென்னை பெரும்பாக்கம் ஏரிக்கரையில் ஏழு வருடமாகக் காலை நடை போகிறேன். சர்க்கரைக்காக டாக்டர் சொன்ன நடை. தண்ணீரில் கருப்பும் வெள்ளையுமாக ஏதேதோ மிதக்கும். கொக்கு, வாத்து என்று எனக்குத் தெரிந்த இரண்டே பெயரை வைத்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவேன். ஆனாலும் மதகுப் பக்கம் வந்ததும் தினமும் இரண்டு நிமிடமாவது கால் நின்றுவிடும்.

மகன் வேலை கிடைத்துப் புனே போன பிறகு, சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் காலியாகக் கிடந்தன. "ஏதாவது ஹாபி வச்சுக்கோங்க அக்கா" என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். குரோஷா கற்றுக்கொண்டேன். மாடியில் தக்காளி போட்டேன். இரண்டும் நல்ல வேலைதான், பொழுதும் போனது. ஆனால் ஊசியைக் கீழே வைத்த பிறகு அதைப் பற்றி ஒரு கேள்விகூட மனதில் எழவில்லை. எனக்கானது இரண்டும் இல்லை என்று இப்போது புரிகிறது. அப்போது, எனக்குத்தான் எதிலும் மனம் ஒட்டாது போல என்று வருத்தப்பட்டேன்.

ஏரிப் பறவைகளைக் கிட்டத்தில் பார்க்கலாமே என்று இணையத்தில் 1,400 ரூபாய்க்கு ஒரு பைனாக்குலர் வாங்கினேன். பெட்டியில் பெரிதாக 20×50 என்று போட்டிருந்தது. பெரிய எண் என்றால் நல்லது என்று நம்பிவிட்டேன். பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். பிடித்தாலும் படம் ஆடும், ஓரங்களில் நீலமாக ஒரு கோடு தெரியும். பத்து நிமிடத்தில் தலைவலி. அலமாரிக்குள் போனது.

அப்புறம் ஒரு ஞாயிறு, ஏரிக்கரைக்குப் பறவை பார்க்க வந்திருந்த ஒரு அம்மா தன்னுடைய 8×42-ஐக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கண்ணில் வைத்தேன். தினமும் நான் பார்த்த கருப்புப் புள்ளி ஒன்று முக்குளிப்பானாக மாறியது. அதன் முதுகில், இறகுக்குள் பாதி புதைந்து, இரண்டு குஞ்சுகள். முகத்தில் கோடு கோடாக. எத்தனை நாள் இதைத் தாண்டி நடந்திருக்கிறேன் என்று தொண்டை அடைத்தது.

அடுத்த வாரமே கேமரா கடைக்குப் போய், பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒன்று வாங்கினேன். எந்த பிராண்ட் என்பதைவிட எண்கள் முக்கியம். 8 என்பது எத்தனை மடங்கு கிட்டத்தில் காட்டும் என்பது. 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. அதனால்தான் விடிகாலை மங்கலிலும் படம் தெளிவாக இருக்கிறது. என் பழைய 20×50-இல் அது இரண்டரைதான். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் கூடித் தெரியும், பார்வைப் பரப்பும் பொதுவாகச் சுருங்கும்.

நான் கண்ணாடி போடுகிறவள். கண் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்தைத் திருகிக் கீழே இறக்கிவிட்டால் கண்ணாடியோடே முழு வட்டமும் தெரிகிறது. கடையில் இதைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். வலது கண் பக்கம் இன்னொரு வளையம் உண்டு. இரண்டு கண்ணின் பார்வை வித்தியாசத்தை அதில் ஒரு முறை சரிசெய்தால் போதும், பிறகு நடுச் சக்கரம் மட்டும்தான். இது தெரியாமல் முதல் வாரம் முழுக்க மங்கலாகவே பார்த்தேன்.

குறை என்றால் எடை. 650 கிராம்; ஒரு மணி நேரத்தில் பிடரி வலிக்கும். கூட வந்த வாரை எடுத்துவிட்டு, இரண்டு தோளிலும் மாட்டும் பட்டை வாங்கிய பிறகு வலி இல்லை. நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், அதனால் மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன்.

இந்த ஒன்றரை வருடத்தில் நோட்டில் 83 பறவைகள். நீளவால் இலைக்கோழியில் முட்டையை அடைகாப்பது ஆண்தான் என்று படித்தேன். மழைக்காலத்தில் ஓர் ஆண் அல்லி இலைகளுக்கு நடுவே முட்டைமேல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஒன்பது நாள் ஒரே இடத்துக்குப் போனேன். அலாரம் வேண்டியிருக்கவில்லை. பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததை எல்லாம் எண்ணி எழுத வேண்டும். இந்த வருடம் நெடுங்கால் உள்ளான் மட்டும் 41 எழுதினேன். போன குளிர்காலத்தில் ஊசிவால் வாத்து வரத் தாமதமானபோது, ஊரிலிருந்து வர வேண்டியவர்கள் வராதது போல இருந்தது. குரோஷாவும் தக்காளியும் என்னை இப்படிக் காக்க வைத்ததில்லை.

உடனே வாங்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். நீங்கள் ஏற்கெனவே கால் நின்று பார்க்கும் இடம் எது என்று முதலில் கவனியுங்கள். அது பறவையாக இல்லாமல் கோயில் கல்வெட்டாகவோ சைக்கிள் கடையாகவோ இருந்தால் இந்தப் பணத்தை அங்கே செலவழியுங்கள். பறவைதான் என்றால் இரண்டு ஞாயிறு யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்கள். மூன்றாவது ஞாயிறும் போகத் தோன்றினால் 8×42 தாராளமாக வாங்கலாம்.

பெரும்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மதகுக்கு வாருங்கள், என்னுடையதைத் தருகிறேன். பட்டையை முதலில் தோளில் மாட்டிக்கொண்டு, அப்புறம் கண்ணில் வையுங்கள்.