செங்கோட்டை கிளினிக்கில் ஃப்ளூ ஊசி: மருந்து சரி, உட்கார்ந்த இடம்தான் சரியில்லை

சாரல் விழ ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் போர்வைக்குள் கிடப்பது வழக்கம். வீட்டுக்காரர் தினமும் ரயிலில் புனலூர் போய் வருகிறவர், அந்த நெரிசலில் அவர் வாங்கி வருவது இரண்டு நாளில் மகனுக்கு, அப்புறம் ஆச்சிக்கு. போன வருஷம் ஆச்சி நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் எதிர்ப்புச் சக்தி வரும் என்பதால் இந்த முறை மே மாதமே நாலு பேரும் கிளம்பிவிட்டோம்.

கிளினிக் பெயர் வேண்டாம். நர்ஸ் மலையாளி, ஆரியங்காவுக்காரர். ஆச்சியிடம் "பனி உண்டோ?" என்று கேட்க, "இந்த வெயில்ல ஏது தாயி பனி, மார்கழியில வா" என்று ஆச்சி சொல்ல, அங்கே பனி என்றால் காய்ச்சல் என்று நான் விளக்குவதற்குள் வார்டே சிரித்துவிட்டது.

வேலையில் குறை சொல்ல முடியாது. ஃப்ளூ கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் மருந்தையும் வருஷா வருஷம் மாற்றுகிறார்கள், பழைய சரக்கைத் தள்ளிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். கேட்டதுமே பெட்டியைக் கையில் கொடுத்தார், எந்த வருஷத்துக்கானது, காலாவதி எப்போது, எல்லாம் அதில் இருந்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து, உறைந்துபோனாலும் கெட்டதுதான். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்றேன், ஃப்ரிட்ஜ் சூட்டைக் காலையும் மாலையும் குறித்து வைத்திருக்கும் நோட்டைக் காட்டினார். மகனுக்கு ஆறு வயது, ஒன்பது வயதுக்குள் முதல் தடவை போடும் பிள்ளைக்கு நாலு வாரம் கழித்து இன்னொன்று உண்டு என்று தேதியும் எழுதிக் கொடுத்தார். ஆளுக்கு 1,800 ரூபாய், அதுதான் கொஞ்சம் வலித்தது.

ஆனால் ஊசிக்கு வந்தவர்களையும் காய்ச்சல்காரர்களையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள்! ஜன்னல் எல்லாம் மூடி, ஃபேன் மட்டும் ஓடுகிறது, பக்கத்தில் ஒருவர் வாயைக்கூடப் பொத்தாமல் இருமுகிறார், ஒரு மணி நேரம். ஆச்சிக்கு முந்தானையை முகத்தில் சுற்றிவிட்டேன், வேறென்ன செய்ய.

மகனின் இரண்டாவது ஊசிக்குப் போன் செய்து புலம்பியபோது, "காலையில் எட்டு மணிக்கே வாங்க, ஓ.பி. ஆரம்பிக்கும் முன்னாடி போட்டுடலாம்" என்றார்கள். போனோம், பத்தே நிமிஷம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே சார்?