பழங்கடல் அடியில் ஆக்சிஜன் இருந்ததா: மாலிப்டினத்தைக் கேட்பதா, யுரேனியத்தைக் கேட்பதா?

கரும் ஷேலில் (பழங்கடலடிச் சேறு இறுகிய கரிய பாறையில்) மாலிப்டினம் என்ற உலோகம் கூடியிருந்தால் உடனே ‘ஆக்சிஜன் அற்ற கடலடி’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் மாலிப்டினம் முக்கியமாகச் சொல்வது ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்ததா என்பதைத்தான். ஆக்சிஜன் தீர்ந்தும் சல்ஃபைடு சேராமல், கரைந்த இரும்பு நிறைந்திருந்த கடல்கள் புவி வரலாற்றில் நெடுங்காலம் இருந்திருக்கின்றன. அங்கே படிந்த ஷேலில் மாலிப்டினம் பெரிதாக ஏறாது.

ஆக்சிஜன் உள்ள கடல்நீரில் மாலிப்டினம், ஆக்சிஜனோடு சேர்ந்த மாலிப்டேட் வடிவில் கரைந்தே கிடக்கும். சல்ஃபைடு லிட்டருக்குச் சுமார் 11 மைக்ரோமோலைத் தாண்டினால் கந்தகம் சேர்ந்த தயோமாலிப்டேட்டாக மாறி, கரிமப் பொருளிலும் இரும்பு சல்ஃபைடிலும் ஒட்டிக்கொண்டு புதையும். யுரேனியத்தின் வழி வேறு. நீரில் கரைந்திருப்பது சேற்றுக்குள் ஊடுருவி, இரும்பு ஒடுக்கமடையும் ஆழத்தில் கரையாத வடிவத்துக்கு மாறிவிடும், சல்ஃபைடுக்காகக் காத்திருக்காது. அதனால் ஆக்சிஜன் குறையத் தொடங்கும் கட்டத்தில் பெரும்பாலும் யுரேனியம்தான் முன்னால் கூடும். கேள்வி ஆக்சிஜனைப் பற்றியது என்றால் என் முதல் தேர்வு யுரேனியமே.

சரி, மாலிப்டினம் வேண்டாமா? வேண்டும், ஆனால் கருங்கடலை மறக்காமல். அங்கே ஆழ்நீர் முழுக்கச் சல்ஃபைடு. ஆனாலும் 1% கரிமக் கார்பனுக்கு மாலிப்டினம் சுமார் 4.5 பிபிஎம்தான் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு). கனடாவின் சானிச் குடாவில் ஆக்சிஜன் பருவத்துக்குப் பருவம் வந்துபோகிறது. அங்கோ சுமார் 45. எண்களை மட்டும் பார்த்தால் முடிவு தலைகீழாகிவிடும். கருங்கடல் ஏறக்குறைய மூடிய தொட்டி. ஆழ்நீரின் மாலிப்டினம் சேற்றில் இறங்கித் தீர்ந்துவிட்டது, வெளியிலிருந்து போதுமான அளவு வந்து சேரவில்லை. இரண்டு தனிமங்களையும் ஒரே வரைபடத்தில் வைத்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் பிடிபடும்: யுரேனியம் ஏறியிருக்க மாலிப்டினம் பின்தங்கினால், ஒன்று சல்ஃபைடு போதவில்லை, இல்லையென்றால் கடலே மூடுண்டிருந்தது. மாலிப்டினம் மட்டும் எகிறினால், மாங்கனீசு ஆக்சைடு துகள்கள் அதைச் சுமந்து வந்து இறக்கியிருக்கலாம்.

யுரேனியத்துக்கும் குறை உண்டு. மீன் எலும்பின் பாஸ்பேட் அதை இழுத்துக்கொள்ளும். சேற்றில் மறுபடி ஆக்சிஜன் இறங்கினால் கரைந்து நகர்ந்துவிடும்.

ஆக்சிஜனை அறியப் பயன்படுத்தும் இன்னொரு அளவீடான வனேடியம்/குரோமியம் விகிதத்தை நான் தள்ளிவைப்பேன். 4.25-க்கு மேல் என்றால் ஆக்சிஜன் இல்லை என்ற வரம்பு வடமேற்கு ஐரோப்பாவின் ஜுராசிக் பாறைகளிலிருந்து வந்தது. குரோமியத்தின் பெரும்பகுதி நிலத்துத் துகள்களோடு வருவது. அந்த வரம்பை எல்லாப் படுகைக்கும் நீட்டுவது அபாயம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் மெக்ரே ஷேல் சுமார் 250 கோடி ஆண்டு பழையது. அதில் மாலிப்டினத்தின் உச்சமே 40 பிபிஎம் அளவுதான். இன்றைய கணக்கில் இது சுமாரானது. ஆனால் கடலிலேயே மாலிப்டினம் அரிதாக இருந்த அந்தக் காலத்துக்கு அது பெரிய ஏற்றம். நிலத்தில் சல்ஃபைடு கனிமங்களை ஆக்சிஜன் அரிக்கத் தொடங்கி, அவற்றிலிருந்த மாலிப்டினம் கடலுக்கு வந்ததற்கான தடயமாக ஆய்வாளர்கள் அதைப் படித்தார்கள்.

அப்புறம், மாதிரியைத் துளையிட்டு எடுத்த உருளையிலிருந்தே எடுங்கள். வெளியே தெரியும் பாறை முகத்தில் மழையும் காற்றும் இரண்டு உலோகங்களையும் ஏற்கெனவே கழுவியிருக்கும்.